சின்னம் படிக்காதவர்களுக்கு மட்டுமா?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார். எல்லாரும் படித்துவிட்டார்கள், இனி எதற்குச் சின்னம், வேட்பாளரின் பெயரும் படமும் போதாதா என்கிறார்கள். 2022-ல் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வாக்குப்பதிவு இயந்திரத்திலிருந்து கட்சிச் சின்னங்களை எடுத்துவிட்டு, வேட்பாளரின் பெயர், வயது, படிப்பு, புகைப்படம் ஆகியவற்றை வைக்கச் சொன்ன மனு. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. டீக்கடையிலும் கேட்கிறேன், கல்லூரிக்குப் போகும் அண்ணன் பேத்தி வாயிலிருந்தும் கேட்கிறேன்.

நான் சுவரில் சின்னம் எழுதிப் பிழைத்தவன். திண்டுக்கல் பக்கம். எண்பதுகளில் மாஸ்டர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, ஃபிளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பில் மண் விழும்வரை எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். பகலில் ஒரு கட்சிக்கு, ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதன் எதிர்க்கட்சிக்கு. சுண்ணாம்பும் வஜ்ஜிரப் பசையும் கலர் பொடியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சின்னம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்தது உண்மை. ஆனால் படித்தவர்களுக்கும் அது இல்லாமல் முடியாது. அதை வைத்துக்கொண்டிருக்கிற தேர்தல் ஆணையம்தான் அதன் அருமை தெரியாமல் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதல் பொதுத் தேர்தல் நடந்த 1951-52-ல் நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரியும். அப்போது வாக்குச்சீட்டில் யாரும் எதையும் குத்தவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. இன்றைய ‘கை’ அன்றைக்கு ஃபார்வர்டு பிளாக்கின் ரூய்கர் பிரிவிடம் இருந்தது. இன்றைய பகுஜன் சமாஜின் யானை அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பிடம் இருந்தது. கை மாறி, கட்சி மாறி, அர்த்தமும் மாறியிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே சின்னத்தோடு இருப்பவர்கள் கதிர் அரிவாள்காரர்கள்தான்.

சரி, அது எழுத்தறியாக் காலம். 2024-க்கு வாருங்கள். ராமநாதபுரம் மக்களவைத் தொகுதி. முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நிற்கிறார். அதே தொகுதியில் அதே பெயரில், அதே இனிஷியலோடு இன்னும் ஐந்து பேர் மனு போட்டார்கள். சுயேச்சைகளின் பெயர்கள் அகரவரிசையில் வரும் என்பதால் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில். எம்.ஏ. படித்தவரும் எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் அந்த இடத்தில் ஒன்றுதான், இருவருக்கும் எழுத்து உதவாது. வழி காட்ட இருந்தது பலாப்பழம் ஒன்றுதான். அந்தச் சின்னம் அவருக்குக் கிடைத்தபோது வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி ஜெயித்தார் என்றாலும், பலாப்பழம் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பெயரும் படிப்பும் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறையை நாட்டுக்குச் சொல்லக் கண்டுபிடித்த வழி அது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்தில் தங்களுக்கு வேண்டிய படத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்திவிட்டு வந்தார்கள் மக்கள். உதயசூரியன் ஜெயித்தது.

இந்தப் படங்களில் பலவற்றை வரைந்தவர் எம்.எஸ்.சேத்தி. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்து 1992-ல் ஓய்வு பெற்றவர். வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் கண்ணில் படும் பொருள்களை யோசித்து யோசித்துப் பென்சிலால் வரைந்து வைத்தார். சைக்கிள், முறம், பம்பரம், தையல் இயந்திரம். நிழல் கிடையாது, வண்ணம் கிடையாது, கோடு மட்டும்தான். தொழில்காரன் கண்ணுக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும். எந்தப் பொருளிலும் எதை விட்டால் அது அதுவாக இல்லாமல் போகுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்திருப்பார்.

சுவரில் எழுதும்போது எங்களுக்கும் அதே கணக்குதான். உதயசூரியனுக்கு ஆணி அடித்து, நூல் கட்டி அரைவட்டம் போடுவோம். கதிர் எத்தனை என்று கட்சிக்காரர் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சுவர் அகலமாக இருந்தால் இரண்டு கூடும், சின்னதாக இருந்தால் குறையும். ஆனால் இரண்டு பக்கமும் மலை இருந்தே ஆக வேண்டும். மலை இல்லாவிட்டால் அது வெறும் சூரியன், சோப்பு விளம்பரத்துக்கும் ஆகும். இன்னொன்றும் உண்டு. மலைக்கு நடுவே நிற்கும் சூரியன் எழுகிறதா, விழுகிறதா என்பதை எந்தக் கொம்பனாலும் கோட்டில் காட்ட முடியாது. எதிர்க்கட்சிப் பேச்சாளர்கள் எத்தனை மேடையில் அதை அஸ்தமன சூரியன் என்று கேலி செய்திருக்கிறார்கள்! அவர்கள் பார்ப்பதும் அதே படம்தான். 1957-லிருந்து மேடையிலும் சுவரிலும் சொல்லிச் சொல்லித்தான் அது ஊருக்கு விடியலாக ஆனது.

இரட்டை இலை இன்னும் வேடிக்கை. அது எந்த மரத்து இலை? என் மாஸ்டரிடம் கேட்டேன். "எழுதுடா" என்று மட்டும் சொன்னார். ஆணையத்தின் பட்டியலில் ‘இரண்டு இலைகள்’ என்றுதான் இருக்கிறது, மரம் செடி எதுவும் சொல்லவில்லை. 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் சுயேச்சைச் சின்னங்களுக்குள் தேடி எடுத்தது அது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆளுங்கட்சியான தி.மு.க.வை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு இலை ஜெயித்தது. அதற்கு முன் அந்த இலைக்கு எந்தப் பொருளும் கிடையாது, பட்டியலில் கிடந்த படம், அவ்வளவுதான். எம்.ஜி.ஆர். இரண்டு விரலை உயர்த்திக் காட்டியதும் விரலும் இலையும் ஒன்றாயின. அதே இரண்டு விரலை இரண்டாம் உலகப் போரில் சர்ச்சில் காட்டினால் வெற்றி. இங்கே தேர்தல் நேரத்துக் கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நிற்கும் பையன் காட்டினால், பக்கத்தில் நிற்கும் வேற்றுக்கட்சி மாமா கையைத் தட்டிவிடுவார்.

‘கை’யும் அப்படித்தான். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் காட்டினால் காங்கிரஸ். அதே கை கோயிலுக்குள் அபயம். முச்சந்தியில் போலீஸ்காரர் காட்டினால் நில். எங்கே, யார், எப்போது காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2024-ல் ராகுல் காந்தி நாடாளுமன்றத்தில் சிவன் படத்தைத் தூக்கிக் காட்டி அபய முத்திரையைக் கட்சிச் சின்னத்தோடு சேர்த்துப் பேசியபோது ஆளுங்கட்சி வரிசையில் எழுந்த கூச்சலுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு அர்த்தத்தை எடுத்து இன்னொன்றோடு ஒட்டப் பார்த்தார், ஒட்டவிட மாட்டோம் என்றார்கள்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார். கட்சி இரண்டாக உடைந்து, இலை முடக்கப்பட்டது. 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். எங்களுக்கு வேலை தலைக்கு மேல். சேவல் எழுதச் சுகம், வாலை இழுத்துவிட்டால் சுவரே நிறைந்துவிடும். புறாவில் மட்டும் கவனம் வேண்டும், மூக்கு கொஞ்சம் நீண்டால் காக்காய். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சேவலுக்குக் கொண்டை வைத்துக்கொண்டிருந்தேன். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு கிழவி வந்து நின்றாள்.

"ஏப்பா, இலை எங்கப்பா போச்சு?"

"முடக்கிட்டாங்க ஆத்தா. இந்தத் தடவ சேவல்."

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். "சேவலுக்குப் போட்டா அவருக்குப் போய்ச் சேருமா?"

அவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. பிப்ரவரியில் இரண்டு அணியும் சேர்ந்து, இலை திரும்பியது. அடுத்த மாதமே மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் இலை ஜெயித்தது. தலைவர்கள் சேர்ந்ததும் ஒரு காரணம் என்பார்கள், மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கிழவியின் கேள்விதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

(சேவலையும் புறாவையும் அதற்குப் பிறகு எழுத வாய்க்கவில்லை. உயிருள்ளவற்றை ஊர்வலத்தில் கட்டி இழுத்துப் படுத்திய பாட்டைப் பார்த்து, விலங்கு பறவைகளைப் புதிதாகச் சின்னமாகத் தருவதை ஆணையம் நிறுத்திக்கொண்டது. நல்ல காரியம்.)

ஒரு படத்துக்குள் பொருள் நிறைய எத்தனை காலம் ஆகும் என்பதற்குப் பானையைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் இரண்டு இடத்தில் நின்றது. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்று ராத்திரிவரை இழுத்தடித்து 3,219 வாக்கில் ஜெயித்தார். கூட்டணி ஒன்று, அலை ஒன்று. தொகுதியின் சாதிக் கணக்கு வேறு என்பது உண்மைதான். ஆனால் சின்னமும் வேறு. பானை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? ஆனாலும் அடுப்பில் இருக்கும் பானை வாக்குச்சீட்டில் வந்து உட்கார்ந்தால் அது புதுசு. அது புதுசாக இருந்தபோதே எதிராளிகளுக்கு மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. வாக்குப்பதிவு அன்று பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்ட செய்தியோடு, தெருவில் போட்டு உடைக்கப்பட்ட பானைகள் பற்றிய செய்தியும் வந்தது. பானை உடைப்பது நம் ஊரில் எங்கே நடக்கும் சடங்கு என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் இரண்டு தொகுதியிலும் பானை. சிதம்பரத்தில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கட்சிக்கு அங்கீகாரமும் வந்து, பானை நிலையானது.

இனி ஆணையத்தின் பக்கம் வருகிறேன். சின்னங்கள் ஒதுக்குவதற்கான ஆணை 1968-ல் போட்டது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்குச் சின்னம் நிரந்தரம். மற்ற கட்சிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயிச் சின்னத்தில் நின்ற நாம் தமிழர் கட்சி 2024-ல் அதைப் பறிகொடுத்தது. வேறொரு கட்சி முந்திக்கொண்டது. அவர்களுக்கு மைக் கிடைத்தது. அதே தேர்தலில் ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்தது.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: மைக்கில் நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார்களே, தீப்பெட்டியில் நின்று துரை வைகோ திருச்சியில் ஜெயித்தாரே, அப்புறம் சின்னத்தில் என்ன இருக்கிறது? 2017 ஆர்.கே.நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குக்கர் இரட்டை இலையையே 40,707 வாக்கில் தோற்கடித்தது. கேள்வி சரிதான். ஆனால் குக்கரை வீடு வீடாகத் தெரியவைக்க எவ்வளவு ஆளும் பணமும் இறங்கின என்பது ஊருக்கே தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னால் பெரிய கூட்டணி இருந்தது. மைக்குக்குப் பின்னால் கைபேசியே கையாகிவிட்ட இளைஞர் கூட்டம் இருந்தது. புதுச் சின்னத்தை மூன்று வாரத்தில் ஊருக்குப் பழக்க இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்றும் இல்லாத சிறு கட்சிக்கு, ஐந்து வருஷம் பழக்கிய படத்தைப் பிடுங்கினால், மறுபடி ஒன்றாம் வகுப்பு. ஆணையத்துக்கு அது பட்டியலில் ஒரு வரிசை எண். கட்சிக்கு அது சுவர் சுவராகச் சேர்த்த சொத்து.

அடுத்தது ஒன்றைப்போல் இன்னொன்று தெரிவது. தெலங்கானாவில் காரைச் சின்னமாக வைத்திருக்கும் கட்சி, ரோடு ரோலரும் சப்பாத்திக் கட்டையும் கார் போலவே தெரிந்து தங்கள் வாக்கைத் தின்கின்றன என்று பல வருஷமாக முறையிடுகிறது. நகரத்துக்காரர்கள் சிரித்தார்கள். மராட்டியத்தில் 2024-ல் சரத் பவார் அணிக்குக் கொம்பு ஊதும் மனிதர் சின்னம். சாத்தாராவில் ஊதுகுழல் சின்னத்தில் நின்ற, யாருக்கும் தெரியாத ஒரு சுயேச்சை, பவார் அணி வேட்பாளர் தோற்ற வித்தியாசத்தைவிட அதிக வாக்கு வாங்கினார். அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. நம் ஊரில் 2017-ல் இலை முடங்கியபோது பன்னீர்செல்வம் அணிக்குக் கிடைத்த இரட்டை மின்கம்பத்தை, இரட்டை இலை போலத் தெரியும்படி காட்டுகிறார்கள் என்று எதிரணி புகார் கொடுத்தது. எந்தக் கோணத்தில் எப்படித் திருப்பினால் கம்பம் இலையாகும் என்பது எங்கள் தொழிலில் பிள்ளை விளையாட்டு.

சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலைத் தொழில்காரன் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி., டி.வி., கரும்பலகை, சிலேட்டு, கேரம் போர்டு, தீப்பெட்டி, பிரீஃப்கேஸ், ஜன்னல், செங்கல், கடித உறை. கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கினால் அத்தனையும் கட்டம். சேத்தி மேசையில் இருந்து வரைந்த காலத்தில் ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் வெளிக்கோடே வேறாக இருந்தது. இப்போது பொருள்களின் பெயரைச் சேர்க்கிறார்கள், கோட்டைப் பார்ப்பதில்லை. வாக்குச்சீட்டில் 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் வருகிறதே என்பார்கள். பாஸ்போர்ட் அளவுகூட இல்லாத அந்தப் படத்தில், வெள்ளைச் சட்டையும் மீசையுமாக எல்லா வேட்பாளரும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கிறார்கள். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும். அந்த ஏழு நொடியில் யாரும் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பதில்லை, சின்னத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆணையத்திடம் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த பட்டியலை வெளியிடும் முன், அதை வாக்குச்சீட்டு அளவுக்கு அச்சடித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்கள் சிலரிடம் காட்டுங்கள். அவர்கள் ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொன்னால் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அடுத்து, ஒரே சின்னத்தில் இரண்டு தேர்தல் நின்று கணிசமாக வாக்கு வாங்கிய கட்சிக்கு, அங்கீகாரம் இருக்கிறதோ இல்லையோ, மூன்றாவது முறை அந்தச் சின்னத்தில் முதல் உரிமை கொடுங்கள். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 1968 ஆணை தேர்தல் ஆணையமே போட்டது, இதற்கு முன்பு பலமுறை ஆணையமே அதைத் திருத்தியும் இருக்கிறது.